ஒரு மணிக்கு எரியும் வயிறு

சாலமோன் சாருக்கு மதியம் ஒரு மணியானால் போதும், வயிறு எரியத் தொடங்கிவிடும். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவர், தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது; இரைப்பைச் சுவரின் செல்லில் அதற்கென்று உள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது; செல் அமிலத்தைக் கொட்டுகிறது. மாத்திரை முந்திப்போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது கதை. பன்னிரண்டரைக்கே ஒன்று போட்டுக்கொள்வார். எரிச்சல் வராது. சாப்பாட்டு நினைப்பும் வராது. காலையில் வடித்த சோறு சாயங்காலம் காக்கைக்குப் போகும்.

மனைவி சாலோமி இறந்துபோய் எட்டு மாதம். புனேயில் இருக்கும் மகள் ஸ்டெபி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஆறு கிலோ இறங்கியிருக்கீகப்பா. கிறிஸ்மஸுக்கு வாரப்பவும் இப்படியே இருந்தீகன்னா, வீட்டைப் பூட்டிட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

அதுதான் அவருக்குப் பயம். சாலோமி புழங்கிய வீடு இது ஒன்றுதான்.

"அதென்ன சார்வாள், கடியாரம் பாத்து எரியுது?" என்றார் மருந்துக்கடை தாஜ் முகம்மது. "இனி டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை தர மாட்டேன், பாத்துக்கிடுங்க."

மறுநாள் மாத்திரை இல்லாமல் வயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரையும் ஆயிற்று. எரியவேயில்லை. பக்கத்து வீட்டு ஷம்ஸியா காலையில்தான் பிள்ளைகளோடு திசையன்விளைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். தெருவே கப்சிப்பென்று கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட ஷம்ஸியா தினமும் ஒரு மணிக்குப் பானை விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். நாற்பது வருஷம் சாலோமியும் அப்படித்தான் தட்டினாள். சத்தம் காதில் விழுந்ததும் மூளை நரம்பு வழியே சேதி அனுப்பும், ஹிஸ்டமைன் ஓடும், செல் அமிலத்தோடு தயாராகிவிடும். அட மடையா, இதைத்தானே வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தாய்! சாப்பிடக் கூப்பிட்ட குரலின் வாயையா இத்தனை நாள் மாத்திரையால் பொத்தி வைத்தாய்!

அடுக்களைக்குப் போனார். கரண்டியை எடுத்துச் சோற்றுப் பானையில் இரண்டு தட்டு தட்டினார்.

"இந்தா வாரேன் சாலோமி," என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"ஆறிப் போவுது, வாங்க" என்று பதில் சொல்ல ஆளில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே வயிறும் பைய எரியத் தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.