கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

வரி கட்டறதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சம்பாதிக்கிறோம், கட்டறோம். அதுக்காக வருஷா வருஷம் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துட்டு நிக்கணும் பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது.

அந்த இன்னொருத்தர் எங்க அக்கா வீட்டுக்காரர். மருந்துக்கடையில வேலை. ஆனா குடும்பத்துல அவருக்குப் பேரு 'ஆடிட்டர்'. யாருக்கு ஆன்லைன்ல எதைப் பதியணும்னாலும் அத்தான்தான். தங்கமான மனுஷன், பொய் சொல்லக்கூடாது. ஆனா பாஸ்வேர்டைக் கேட்டா மட்டும் பீரோ சாவியைக் கேட்ட மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? நான் பார்த்துக்கறேன்"ம்பார். பார்த்துக்குவார், கடைசி நாள் சாயங்காலம்.

இந்தத் தடவை அந்தக் கதையெல்லாம் நடக்காது. நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவ. இத்தனை வருஷமா முதலாளியோட ஸ்கூல், முதலாளியோட வண்டி. இப்பதான் சொந்தமா ஆரம்பிக்கலாம்னு துணிஞ்சு ஒரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். சொல்லிக்கொடுக்கிறவங்க கால்கிட்டயும் பிரேக் வெச்ச வண்டி. அப்படி ஒண்ணு நல்ல நிலையில அமையறது குதிரைக்கொம்பு. பேங்க்ல லோன் தர்றேன்னுட்டாங்க. வரி தாக்கல் பண்ணின ரசீது மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், அதுவும் பேங்க் கணக்குல இருக்கிற பேர்லயே. இல்லேன்னா வண்டியை வேற யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க.

அத்தானுக்கு போன் போட்டு, "பாஸ்வேர்டைக் குடுங்க, நானே பண்றேன்"னேன்.

"நீயா?"

"நானேதான். நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு அழறவங்களையெல்லாம் பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஒரு வெப்சைட் என்னை என்ன பண்ணிடும்?"

முனகிட்டே குடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, சுலபமாத்தான் இருந்தது. சம்பளத்தை அவங்களே நிரப்பி வெச்சிருந்தாங்க. சரிபார்த்துச் சரிபார்த்து 'அடுத்து'ன்னு அமுத்திட்டே போனேன். இதுக்கா மனுஷன் இத்தனை வருஷம் நெத்தியைச் சுருக்கினார்னு சிரிப்பா வந்தது. கடைசிப் பக்கத்துல சிவப்பா ஒரு வரி: 'வங்கிக் கணக்கில் உள்ள பெயருடன் பொருந்தவில்லை.'

போய்ப் பார்த்தா, 'குடும்பப் பெயர்'னு ஒரு கட்டம். பக்கத்துல நட்சத்திரம், கட்டாயம் நிரப்பணுமாம். நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? எனக்குன்னு ஒரு பேரு, அதுக்கு முன்னால அப்பா பேரோட முதல் எழுத்து, அவ்வளவுதான். ஆடிட்டர் அந்தக் கட்டத்துல எங்க அப்பா பேரை முழுசா எழுதி வெச்சிருக்கார். அதோட விட்டாரா? 'திரு, திருமதி, செல்வி'ல முதல்ல இருந்த 'திரு'வை மாத்தாமலே விட்டிருக்கார். ஆக, வரி ஆபீசைப் பொறுத்தவரைக்கும் நான் எங்க அப்பா பேர்ல ஒரு ஆம்பளை.

சரி, கேட்டு மாத்திடலாம்னு உதவி எண்ணுக்கு அடிச்சேன். தமிழ்ல பேச மூணை அமுத்தச் சொன்னாங்க, அமுத்தினேன். பாட்டு ஓடிச்சு, ஓடிச்சு, காதே சூடாயிடுச்சு. ஒருவழியா ஒருத்தர் எடுத்தார். வரி எண்ணைச் சொன்னேன். தட்டிப் பார்த்துட்டு, ரொம்ப மரியாதையா எங்க அப்பா பேரைச் சொல்லி, "சார்கிட்ட பேசலாங்களா?"ன்னார்.

"அவர் தவறிட்டாருங்க"ன்னேன். கேட்டதுக்குப் பதில். வேற என்ன சொல்றது?

"அடடா. ரொம்ப வருத்தங்க. தேதி ஞாபகம் இருக்குங்களா?"

பெத்த பொண்ணுக்கு மறக்குமா? சொன்னேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சின்னப் பொண்ணுங்க."

"சரிங்கம்மா. நான் பதிவு பண்ணிடறேன். மனசைத் தேத்திக்குங்க."

முன்னப்பின்ன தெரியாதவர் இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாரேன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நன்றி வேற சொன்னேன். பேர் விஷயத்தை நான் ஆரம்பிக்கறதுக்குள்ள லைன் கட்.

மறுநாள் காலையில உள்ளே போனா, திரை முழுக்கச் சாம்பல் நிறம். 'கணக்குதாரர் காலமானதால் இக்கணக்கு முடக்கப்பட்டுள்ளது. சட்டப்படியான வாரிசு பதிவு செய்யவும்.' செத்து வருஷக்கணக்கானவ போன மாசம் வரைக்கும் எப்படிச் சம்பளம் வாங்கினான்னு அந்த மிஷினுக்கு ஒரு சந்தேகம் வரணுமே! வரலை.

நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தார். போனை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன்.

"வெப்சைட்ல குடும்பப் பேரு என்னன்னு கேட்டான். உங்க அப்பா பேரைத் தவிர நான் எதைப் போடறது? என் அப்பா பேரையா?"ன்னார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அக்கா விடலை. "அதுக்காக என் தங்கச்சியை மீசை வெச்ச ஆம்பளையாக்கி, பாடையில ஏத்திட்டீங்களே!"

அத்தான் திருதிருன்னு முழிச்சார். அப்புறம் தொண்டையைக் கனைச்சுட்டு, "ஒரு வழி இருக்கும்மா. பேசாம நீயே வாரிசாப் பதிஞ்சுடு. அதுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்கு"ன்னார்.

"எனக்கு நானே வாரிசா? செத்தவளுக்கு எந்த பேங்க் அத்தான் லோன் குடுக்கும்? நான் இருக்கேன். இருக்கிறவளாத்தான் அந்த வண்டியை வாங்குவேன்."

"அப்போ நகரு, நான் பேசறேன்."

"நீங்க உட்காருங்க."

அக்காவோட மேஜையில அத்தானோட லேப்டாப்பைத் திறந்தேன். போன்ல வாயைக் குடுத்துத்தானே மாட்டினோம், இனி முகத்துக்கு முகம் பேசணும்னு தேடினா, 'வீடியோ மூலம் உதவி'ன்னு ஒரு மூலையில கிடந்தது. நேரம் கேட்டது, குடுத்தேன். அன்னிக்கே மத்தியானம் கிடைச்சது. அத்தான் அரைநாள் லீவு சொல்லிட்டார், பாவம்.

திரையில வந்தவங்க கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ஆரம்பிச்சுட்டேன்.

"மேடம், நான் யாரோட பொண்ணுங்கறது வேற, நான் யாருங்கறது வேற. உங்க கட்டத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. இறந்துபோனது எங்க அப்பா. அவருக்கு உங்ககிட்ட கணக்கே கிடையாது."

அந்தம்மா ஒரு நிமிஷம் படிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. "என்னையும் இங்க எல்லாரும் எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. திரும்பிப் பார்க்கவே ஒரு வருஷம் ஆச்சு"ன்னாங்க. எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு.

அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் திரும்புங்க, கண்ணை மூடித் திறங்க. எல்லாம் செஞ்சேன். "இப்ப கொஞ்சம் சிரிங்க."

"உயிரோட இருக்கேன்னு நிரூபிக்கச் சிரிக்கவும் வேணுமா?"

"இல்லைம்மா. வந்ததுலேர்ந்து உர்ருனு இருக்கீங்க, அதான்."

பின்னால அத்தான் களுக்குனு சிரிச்சார். நானும் சிரிச்சுத் தொலைச்சேன்.

அந்தச் சாம்பல் நிறம் போய், பக்கம் வெள்ளையாச்சு. மேல ஒரு செய்தி வந்து நின்னுச்சு. அக்கா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சா. "அன்புள்ள திரு..." அதுக்கு அடுத்து எங்க அப்பா பேரு. முழுப் பேரு. அதைச் சொல்லிட்டு அவ நிறுத்திட்டா. மிச்சத்தை நான்தான் படிச்சேன். 'தாங்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அரசாங்க ஆபீஸ் பக்கமே தலைவெச்சுப் படுக்காத மனுஷன் எங்க அப்பா. அவரைப் பார்த்து ஒரு ஆபீஸ் வருந்தறேன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்காவோட கை என் தோளை இறுக்கிப் பிடிச்சது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சதும்மா"ன்னாங்க அந்தம்மா. "பேங்க்ல இருக்கிற மாதிரியே வெறும் இனிஷியல் போட்டுட்டேன். கீழே ஒப்புதல்னு இருக்கும் பாருங்க. அமுத்தினீங்கன்னா பழைய பேரு போயிடும், நீங்க நிரப்பி வெச்சதும் தாக்கலாகி ரசீது உடனே இறங்கிடும்."

பட்டன் பச்சையா இருந்தது. விரலைக் கொண்டுபோயிட்டேன். வெள்ளிக்கிழமை, பேங்க், வண்டி எல்லாம் அந்த ஒரு அமுத்தல்ல இருக்கு. அமுத்தினா அப்பா மறுபடியும் ஒத்தை எழுத்தா ஆயிடுவார்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்"னேன். "அப்பாவும் இருக்கார். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கட்டும். அப்புறம் அமுத்தறேன்."

அந்தம்மா அவசரப்படுத்தலை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்ந்தா.