துவக்குத் தொடாத வேட்டைக்காரர்

பேரம் பேசாமல் சாமான் வாங்குகிறவனை நான் நம்புவதில்லை. யாழ்ப்பாணம் பெரியகடையில், என் அப்பாவின் புடைவைக் கடைக்குள் தவழ்ந்து வளர்ந்தவன் நான். குறை சொல்லுகிறவன் வாங்க வந்தவன், புகழுகிறவன் பொழுது போக்க வந்தவன், ஒன்றும் சொல்லாமல் காசை நீட்டுகிறவனுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை. இது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும்.

இப்போது புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம், கொத்துரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது என் பயணப்பெட்டிக் கடை. ஒரு நாள் காலை என் நண்பர் இக்னேசியஸ் உள்ளே வந்து, நான் சொன்ன விலைக்கே ஒரு தோள்பையை எடுத்தார். நான் உடனே காசை வாங்கவில்லை. ஸ்டூலைக் காட்டினேன்.

"இரும். என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. டெக்சாசுக்குப் போறன். மருமோன் கூட்டிக்கொண்டு போறான். மான் சுட."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். வேட்டைப் பண்ணைக்காரர்கள் அனுப்பியது. பாலைவனத்தில் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பகலில் வெயில் கொளுத்தும், விடியலில் பல்லுக் கிடுகிடுக்கும். சப்பாத்தைத் துளைக்கிற முள் உண்டு. நிழலை நம்பி ஒதுங்கினால் அதே நம்பிக்கையோடு பாம்பும் அங்கே படுத்திருக்கலாம். நீங்கள் மானைக் காண்பதற்கு வெகு முன்பே மான் உங்களைக் கண்டுவிடும். அடியில் படம் இருந்தது: வெள்ளை உடம்பு, வாளைப்போல் பின்னால் வளைந்த இரண்டு நீளக் கொம்பு. ஓறிக்ஸ் என்று பெயர், சொந்த ஊர் ஆபிரிக்கா.

"உதுவும் எங்களை மாதிரித்தான். ஆரோ ஸ்பொன்சர் பண்ணி வந்திருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

இக்னேசியஸ் ஒருகாலத்தில் மன்னாரில் பேர்போன வேட்டைக்காரர். துவக்கின் ஒரே வெடியில் மரைமானை விழுத்திய கதையை அவருடைய மனைவி வேரோனிக்கா சொல்லாத கொண்டாட்டம் கிடையாது. அந்தக் கதையை மகள் செரீனாவின் புதுப் புருஷன் மரியோவும் கேட்டிருக்கிறான். மாமாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சத்தமில்லாமல் இந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்திவிட்டான்.

"நல்ல பொடியன்தானே. பிறகென்ன?"

அவர் கதவைப் பார்த்தார். கடைக்குள் வேறு ஒருவரும் இல்லை.

"செரீனா ஏழு மாசக் குழந்தை. மடு மாதா கோயிலிலை அகதியா இருக்கேக்கை காய்ச்சல். மூண்டு நாளாக் கண் திறக்கேல்லை. மாதாவிட்டை நேர்த்தி வைச்சன். குடுக்க என்னட்டை என்ன இருந்தது? வீடில்லை, வள்ளமில்லை. விருப்பமானது எண்டு ஒண்டே ஒண்டு. இனித் துவக்குத் தொடமாட்டன், வேட்டை இறைச்சி வாயிலை வைக்கமாட்டன் எண்டன். நாலாம் நாள் பிள்ளை பாலுக்கு அழுதது."

"வேரோனிக்காவுக்குத் தெரியுமே?"

"ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை வந்தாப் பிறகு ஆர் கேட்டது?"

அதுவும் சரி. ஸ்காபரோவில் துவக்குத் தொடாமல் முப்பது வருடம் இருப்பது பிறர் கண்ணில் படுகிற விரதமல்ல.

"மகளுக்குச் சொல்லுமன்."

"தன்னாலை அப்பா ஒண்டை விட்டிட்டார் எண்டு அவளுக்கு மனசிலை கிடக்கும். மாதாவுக்குக் குடுத்ததைப் பிள்ளையின்ரை தலையிலை வைக்கிறதே? மருமோனிட்டை வரேல்லை எண்டால், தன்னைத்தான் வேண்டாம் எண்டிட்டார் எண்டு நினைப்பான். ஏற்கெனவே அவனோடை எனக்குக் கதை வராது. நீர் பேரம் பேசிற ஆள். அவனே பயணத்தை விடுற மாதிரி ஒருக்கால் கதையும்."

சனிக்கிழமை, மாமாவின் பைக்கு வார் மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி மரியோவைக் கடைக்கு வரவழைத்தேன். இங்கே பிறந்த பிள்ளை. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் நிறுத்துத்தான் வெளியே விடுவான்.

"மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, தம்பி."

"தெரியும் அங்கிள். ட்ரக்கிலைதான் போறது. மடிக்கிற கதிரையும் வாங்கியிட்டன்."

"பிரஷர் வேறை."

"டொக்டரிட்டை லெட்டர் எடுத்தாச்சு."

"பாம்பிருக்காம்."

"காலுக்குப் போடுற கவர், ரெண்டு சோடி."

"சோறில்லாமல் மனுசன் நாலு நாள் தாங்கமாட்டார்."

"ரைஸ் குக்கர் பாக் பண்ணியாச்சு."

ஆடி மாதத்தில் குளிர் ஜாக்கெட் விற்றவன் நான். அரிசிப் பானையோடு பாலைவனத்துக்குப் புறப்படுகிறவனிடம் எதை விற்பது?

மரியோ குரலைத் தாழ்த்தினான். "அங்கிள், ஓறிக்ஸ் கிடைக்காட்டி எனக்கு இட்ஸ் ஓக்கே. மாமா என்னோடை கதைக்கிறதே இல்லை. 'சாப்பிட்டீரோ, காரை எங்கை விட்டனீர்', அவ்வளவுதான். எனக்கு ரெண்டு வயசிலை அப்பா செத்திட்டார். வீட்டிலை ஒரு அப்பா இருந்தால் எப்பிடிக் கதைக்கிறது எண்டு ஐ டோன்ட் நோ. நாலு நாள் ஒரு ட்ரக்குக்குள்ளை இருந்தால் ஏதாவது சொல்லுவார்தானே?"

எதிரே நிற்பவன் உண்மை விலையைச் சொல்லிவிட்டால், அதற்குக் கீழே கேட்கிறவன் வியாபாரியல்ல, திருடன். அப்பாவின் கடையில் அது சட்டம்.

"தம்பி, அங்கை போனதும் அவரிட்டை ஒரு கேள்வி கேளும். ஏன் வேட்டையை விட்டனீங்கள் எண்டு. கேட்டிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இரும். அவர் வாய் திறக்குமட்டும் நீர் திறக்கக்கூடாது."

பின்னேரம் இக்னேசியசுக்கு ஃபோன் எடுத்தேன்.

"சரிவரேல்லை. போயிட்டு வாரும். துவக்குத் தொடமாட்டன் எண்டுதானே நேர்த்தி? பைனாகுலரைப் பற்றி மாதாவோடை ஒண்டும் கதைக்கேல்லையே?"

"மாதாவோடையும் பேரமோ?" என்றார். அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

போய் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் செரீனா வீட்டில் விருந்து. ஐஸ் பெட்டியில் வந்த மான் இறைச்சியை இக்னேசியசே வறுத்த கறித்தூள் போட்டுச் சமைத்திருந்தார். மேசையில் கதை சொன்னது மரியோ. மூன்று விடியற்காலை முள்ளுக்குள் படுத்துக் கிடந்தார்களாம். பைனாகுலரோடு பக்கத்தில் கிடந்த மாமா, காற்று மாறும்வரை "பொறும், பொறும்" என்றாராம். பிறகு மெல்ல, "இப்ப" என்றாராம்.

"கேள்வியைக் கேட்டனீரோ?" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஒரு ஃபுல் டாங்க் பெற்றோல் முடியுமட்டும் கதைச்சவர், அங்கிள்."

அப்போதுதான் செரீனா கவனித்தாள். "அப்பா, நீங்கள் ஏன் இறைச்சி போடேல்லை? உங்கடை மான்தானே?"

இக்னேசியசின் கை சோற்றிலே நின்றுவிட்டது. வேரோனிக்காவும் அவரைப் பார்த்தாள். ஒரு நல்ல பொய்யைத் தேடி நான் தொண்டையைச் செருமினேன். மரியோ முந்திக்கொண்டான்.

"டொக்டர் வேண்டாம் எண்டவர். கொலஸ்ட்ரோல். லெட்டரிலை இருக்கு, உனக்கும் காட்டினனான்."

"எனக்குக் காட்டேல்லை."

"காட்டினனான். நீ ஃபோனைப் பாத்துக்கொண்டிருந்தாய்."

கண் கூட இமைக்கவில்லை. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவனுக்குப் பாதிக் கடையை எழுதிக் கொடுத்திருப்பார்.

இக்னேசியஸ் பருப்பை அள்ளித் தன் சோற்றில் விட்டார். இறைச்சிச் சட்டியை மரியோவின் பக்கம் நகர்த்தினார்.

"நான் ருசி பாக்கேல்லை. உப்புக் காணுமே, மகன்?"

"காணும், மாமா, அளவா இருக்கு," என்றான் அவன். இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதே இக்னேசியஸ் அந்தத் தோள்பையோடு வாசலில் நின்றார்.

"ஸிப் இறுகுது. தையலும் சரியில்லை. அண்டைக்கு நீர் என்னட்டை அநியாய விலை எடுத்துப்போட்டீர்."

நான் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கடையில் இரண்டு தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு, நானும் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை விடாமல் பேரம் பேசினோம்.