விரிக்காத தாள்

வாக்கு எண்ணும்போது பந்தலுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தாம்: தேர்தல் குழுத் தலைவர் பல்லாவா, ஊர் மரியாதையாகப் "புவாங்" என்று கூப்பிடுபவர்; வாக்குச்சீட்டுகளைப் பிரித்துக் காட்டிய பள்ளி ஆசிரியை ஹஸ்னி; பலகையில் ஒட்டிய பெரிய தாளில் கோடு போட்ட, மசூதியில் பாங்கு சொல்லும் மோதினார் அம்போ உப்பெ; ஒன்றாம் எண் வேட்பாளர் ஹாஜி லந்தோ; இரண்டாம் எண் வேட்பாளர் பாசோ, இவன் பல்லாவாவின் தம்பி மகன்; நகரத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர். பிற்பாடு பல்லாவாவின் மகள் தென்ரி சோற்றுப் பொட்டலங்களோடு வந்தாள். மீதி ஊர் கயிற்றுக்கு வெளியே நின்றது.

ஒரு வேட்பாளரின் பெரியப்பாவே தேர்தலை நடத்தலாமா என்று நகரத்து அதிகாரி கேட்டபோது, எதிர்த்து நின்ற ஹாஜி லந்தோதான் முதலில் எழுந்து, "புவாங் உட்காரட்டும். அவர் வாயில ஒரு பேச்சுத்தான் வரும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுப் பல்லாவாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் வீட்டில் பொய்ச்சாட்சி சொன்னவர் யாருமில்லை. அவருடைய தாத்தா கடலில் தன் படகைக் கொடுத்துச் சொல்லைக் காப்பாற்றியவர். எழுபதைத் தாண்டியும் பல்லாவா பொது இடத்தில் கண்ணாடி போட்டதில்லை, யாருடைய கையையும் பிடித்துப் படி இறங்கியதில்லை.

விரிகுடாவின் வடக்குக் கரையில் நிக்கல் உருக்காலை வந்த பிறகு ஊர் இரண்டாகிவிட்டது. ஹாஜி லந்தோ கம்பெனிக்கு லாரி ஓட்டினார், வெளிநாட்டு வெல்டர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டார். இன்னும் இரண்டு உலை வந்தால் நம் பிள்ளைகள் பிழைக்க ஊர் ஊராகப் போக வேண்டாம் என்றார். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடல் சிவக்கிறது, வலையில் மீனுக்குப் பதில் சேறுதான் வருகிறது, வந்தவர்களை வந்த கப்பலிலேயே ஏற்றி அனுப்புவோம் என்றான் பாசோ. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் சண்டை தீரவில்லை. ஊர்த்தலைவர் தேர்தலில் கட்சிக்கொடி கூடாது என்பது சட்டம். ஆனால் எந்தெந்தக் கட்சி யார் பின்னால் நிற்கிறது என்பது ஊர்க் கோழிகளுக்குக்கூடத் தெரியும். போன தேர்தலில் அதே கட்சிகள் இடம் மாறி நின்றன. கட்சிகள் மாறிக்கொண்டன, அவற்றுக்காக முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மட்டும் அப்படியே இருந்தார்கள். ஹஸ்னியின் தங்கை கல்யாணத்துக்கு ஒரு பக்கத்தார் வரவே இல்லை. மசூதியில்கூட வரிசை தானாகப் பிரிந்தது.

தென்ரி கணவனை இழந்தவள். வடக்குக் கரையில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் சமையல் செய்தாள். விடுதிக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டாள்.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பல்லாவா பாசோவின் வீட்டுக்குப் போனார். தூண்கள்மேல் நிற்கும் வீடு; கீழே வலைகளும் மீன் கூடைகளும் கிடந்தன. ஒரு கூடைமேல் போர்த்தியிருந்த சாக்குப்பை காற்றில் விலகியது. உள்ளே பெட்ரோல் பாட்டில்கள். பெட்ரோல் பாட்டில் ஒன்றும் அதிசயமில்லை, சாலையோரக் கடைகளில் அடுக்கி விற்பதுதான். ஆனால் கடையில் விற்கும் பாட்டிலின் வாயில் துணி திணித்திருக்காது.

"இது எதுக்குடா?" என்றார்.

"நான் ஜெயிச்சதும் பசங்க கொண்டாடணும்ல, பெரியப்பா" என்று பாசோ சிரித்தான். "அன்னிக்கு ராத்திரி தென்ரி அக்காவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. விடுதிப் பக்கம் இருக்க வேணாம்."

அவர் போய் மகளிடம் சொன்னார். "நான் வந்துட்டா அத்தனை பேருக்கும் யாருப்பா சோறு போடறது?" என்று கேட்டாள் அவள். பாட்டில்களைப் பற்றி அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் விடுதியில் சொல்வாள். விடுதி போலீஸில் சொல்லும். தம்பி மகனைக் காட்டிக்கொடுத்த வீடு என்ற பெயர் வரும்.

வாக்குப்பதிவு அன்று காலை முழுவதும் அவர் ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தைச் சொன்னார். தாளை முழுக்க விரியுங்கள், மேஜைமேல் வையுங்கள், ஒரு படத்தில் மட்டும் ஆணியால் குத்துங்கள். மடிப்போடு குத்தினால் ஓட்டை இரண்டு பக்கமும் விழும்; இரண்டு படத்துக் கட்டத்துக்குள்ளும் விழுந்தால் சீட்டு செல்லாது. கடைசியில் தன் வாக்கைப் போட மறைப்புக்குப் பின்னால் போனார். அந்த மறைப்பு மூன்று பக்க அட்டைதான்; கடல் பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பாசோ நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பார்த்துத் தலையசைத்தான். குடும்பத்து வாக்கு குடும்பத்துக்கு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பல்லாவாவின் விரல்கள் தாளைப் பாதி பிரித்ததோடு நின்றன. முழுக்க விரித்தால் ஆணி எங்கே இறங்குகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கையால் மறைத்தபடி, ஹாஜி லந்தோவின் படத்தில் ஆணியை அழுத்தினார். வெளியே வந்து விரலை மையில் தோய்த்தபோதுதான், அடியில் இன்னொரு மடிப்பு இருந்தது நினைவுக்கு வந்தது.

எண்ணிக்கை பிற்பகலில் தொடங்கியது. ஹஸ்னி ஒவ்வொரு சீட்டையும் தலைக்குமேல் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவாள், ஓட்டையைப் பார்த்துக் கூட்டம் "செல்லும்!" என்று கத்தும், அம்போ உப்பெ கோடு போடுவார். பாதிக்குமேல் போனபோது அவள் ஒரு சீட்டைத் தூக்கினாள். கூட்டம் கத்தவில்லை. ஒரு ஓட்டை லந்தோவின் தோளில். இன்னொன்று பாசோவின் படச் சட்டத்து ஓரத்தில்.

"ரெண்டு பேர் மேலயும் ஆசை போல" என்று வெளியே யாரோ சொன்னார்கள். சிரிப்பு கிளம்பியது.

"கோட்டுக்கு உள்ள இருக்கு. செல்லாது" என்றான் பாசோ.

"வெளிய இருக்குப்பா, நல்லாப் பாரு" என்றார் ஹாஜி லந்தோ.

"ஓரமா வை டீச்சர். கடைசியில பாத்துக்கலாம்" என்றார் பல்லாவா. சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. ஹஸ்னி அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.

அதன்பிறகு அவர் பலகையை மட்டுமே பார்த்தார். யாராவது ஒருவன் நன்றாக முந்திவிட வேண்டும், அந்தத் தாள் தேவையில்லாமல் போக வேண்டும் என்பதுதான் அவருடைய பிரார்த்தனை. யார் என்பதுகூட அப்போது முக்கியமாக இல்லை. கோடுகள் இரண்டு ஓணான்கள்போல ஒன்றையொன்று துரத்தின.

நடுவில் தென்ரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தலையில் கம்பெனி கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்.

"தொப்பியக் கழட்டுக்கா, இங்க இரும்பு ஒண்ணும் விழாது" என்றான் கயிற்றோரம் நின்ற ஒருவன்.

"உன் வாயில இருந்து விழுதே, அதுக்குத்தான்" என்றாள் அவள்.

சிலர் சிரித்தார்கள். பாசோவின் ஆட்கள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிய ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இந்த விடுதி எண்ணெய் வாசம் நமக்கு ஆகாது. அக்கா, இன்னிக்கு ராத்திரி அங்க சமைக்காத."

தென்ரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பல்லாவா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் ஒரு பொட்டலத்தை அவர்முன் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தூண் பக்கம் போய் நின்றாள். அவளைப் போகச் சொல்லப் பல்லாவாவுக்கு வாய் வரவில்லை. எங்கே போகச் சொல்வது?

பெட்டி காலியானபோது இரண்டு பக்கமும் சமம். அம்போ உப்பெ இரண்டு முறை எண்ணினார். கயிறு ஒரு பக்கம் உள்ளே வளைந்தது. போலீஸ்காரர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஹஸ்னி கல்லை அகற்றி, தாளை அவரிடம் நீட்டினாள். "புவாங், நீங்கதான் சொல்லணும்."

பல்லாவா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து எல்லார் முன்னாலும் போட்டுக்கொண்டார். ஊர் அதை முதல் முறையாகப் பார்த்தது. தாளைத் தூக்கினார். மேற்கே சாய்ந்த வெயில் இரண்டு ஓட்டைகளிலும் நுழைந்து அவருடைய வெள்ளைச் சட்டைமேல் இரண்டு புள்ளிகளாக விழுந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? கண்ணாடி போட்டும் தெரியவில்லை. காகிதம் கிழிந்த இடத்தில் அச்சடித்த கோட்டின் மை ஒரு நூலளவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். செல்லாது என்றால் சமம். மறுதேர்தல், இன்னும் ஒரு மாதம், சாக்குப்பைக்குக் கீழே அந்தப் பாட்டில்கள். செல்லும் என்றால் பாசோ தோற்றான். தோற்றவன் கொண்டாட மாட்டான் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது கயிற்றோரம் நின்ற முகங்களைப் பார்த்தபோது, அந்தப் பாட்டில்களுக்கு வெற்றியும் ஒன்றுதான், தோல்வியும் ஒன்றுதான் என்று பட்டது. வாக்குப் போடும்போது இது ஏன் தோன்றவில்லை?

தாளை மேஜைமேல் வைத்தார்.

"வெளிய இருக்கு" என்றார். "செல்லும். ஒண்ணாம் நம்பர்."

ஒரு பக்கம் வெடித்தது. ஹாஜி லந்தோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொந்த ரத்தம்னு பாக்கலயே. இப்படி ஒரு மனுஷன் இனிமே பொறப்பானா?" அம்போ உப்பெ கடைசிக் கோட்டைப் போட்டார். வாழ்நாள் முழுதும் பல்லாவா கேட்க விரும்பிய பாராட்டு லந்தோ சொன்ன அதுதான். காதில் ஈயம்போல இறங்கியது.

பாசோ மெல்ல எழுந்து மேஜையருகே வந்தான். குனிந்து அந்தத் தாளைப் பார்த்தான். மடிப்பு இருந்த வழியே அதை மறுபடி மடித்துப் பார்த்தான். இரண்டு ஓட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"காலையில நீங்க தாளை விரிக்கவே இல்லையே, பெரியப்பா."

தூணருகே தென்ரி விடுதிக்குத் திரும்ப ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் கொக்கியைப் போட்டாள். விரிகுடாவுக்கு அப்பால் உருக்காலையின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

பந்தலுக்குள் பாசோ, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் குத்துவாளை உருவினான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உருவவில்லை. அவன் கை சட்டைக்குமேல்தான் இருந்தது, வாள் சட்டைக்குள் இருந்தது. இன்னமும் அங்கேதான் இருக்கிறது.