ரெத்தினதாஸ் வகைச் செலவு

கொல்லயில் என்ற ஊரில், சுந்தரதாஸ் வீட்டில் மாதக் கடைசி என்றால் அந்தி ஜெபம் கொஞ்சம் நீளும். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்து, ஆமென் சொன்ன கையோடு அவர் மனைவி சத்தியபாய் வேதபுத்தகத்துக்கு அடியில் இருந்து ஒரு நோட்டை எடுப்பாள். அந்த மாதத்து வரவு செலவு எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்படும். ஆண்டவருக்கு முன்னால் வாசிக்கிற கணக்கில் ஒளிவுமறைவு கூடாது என்பது அவள் பிறந்த வீட்டில் இருந்து கொண்டுவந்த வழக்கம். சீதனமாக வேறு அதிகம் கொண்டுவரவில்லை.

சுந்தரதாசுக்குப் பாறசாலையில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதும் வேலை. சாயங்காலம் பஸ் ஏறுமுன் லாட்டரிச் சீட்டு வாங்கவில்லை என்றால் உள்ளங்கை அரிக்கும். வேதபுத்தகத்துக்கு அடியில் இருக்கிற நோட்டில் லாட்டரி என்று எழுத முடியுமா? 1995 கடைசியில் ஒரு மாதம் கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது. அன்றைக்குத்தான் அவர் ரெத்தினதாசை உண்டாக்கினார்.

ரெத்தினதாஸ் காஞ்சிரங்குளத்துக்காரன். பனையில் இருந்து விழுந்து இடுப்பொடிந்தவன். இடது காலை ஊன்ற முடியாது. கம்பு ஊன்றித்தான் நடப்பான். கடை வாசலில் வந்து நின்று கண்கலங்கினான், மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன் என்றார் சுந்தரதாஸ். சத்தியபாய் 'ரெத்தினதாஸ் வகை – 40' என்று எழுதினாள். மறுநாள் முதல் ஜெபத்தில் அவன் பெயரும் சேர்ந்தது.

ஜெபம் பலித்தது என்றுதான் சொல்லவேண்டும். ரெத்தினதாஸ் சாகவில்லை. மாதாமாதம் அவன் செலவுதான் ஏறியது. எண்ணெய், எக்ஸ்ரே, கூரைக்கு ஓலை. இரண்டு வருடத்துக்குள் அவன் முன்னூறு ரூபாய் ஆளாகிவிட்டான். சுந்தரதாஸ் வீட்டில் மீன், வாரத்தில் ஒரு நாள் என்று ஆனது.

மகள் ஷாலு தனுவச்சபுரத்தில் பத்தாம் வகுப்பு. ஓணப் பரீட்சையில் கணக்கில் தோற்றாள். கரும்பலகையில் இருந்த எட்டையெல்லாம் மூன்றாக எழுதியிருந்தாள். டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு நோட்டுக்குள்ளேயே கிடந்தது. மாதக் கடைசியில் அவளே சொல்வாள்: "ரெத்தினதாஸ் மாமனுக்குக் குடுங்க அப்பா. நான் முன்பெஞ்சிலெ இருந்துக்கிடுவேன்." சுந்தரதாஸ் சுவரைப் பார்ப்பார்.

97 அக்டோபர் கடைசி நாள். ஐப்பசியின் துலாமழை. பஸ்ஸில் வரும்போதே சுந்தரதாஸ் அந்த மாதத்துக் கதையைத் தயார் செய்தார். ரெத்தினதாசின் மனைவிக்கு ஆபரேஷன், ஐந்நூறு ரூபாய். மனைவிக்கு ராஜபாய் என்று பெயரும் வைத்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஜெபம் முடிந்தது. சத்தியபாய் அரிசி, மண்ணெண்ணெய், காணிக்கை என்று வாசித்து வந்தவள் நிறுத்தினாள்.

"ரெத்தினதாஸ் இன்னைக்கு வந்தாரு."

எந்த ரெத்தினதாஸ் என்று கேட்டார் சுந்தரதாஸ்.

"நம்ம ரெத்தினதாஸ் தான். மழை விட்ட பெறகு வந்தாரு. பொண்டாட்டி ராஜபாய்க்கு ஆபரேஷனாம். ஐந்நூறு வேணுமாம். நீங்களே இன்னைக்குச் சொல்லுவியளாம்."

விளக்கு அணையவில்லை, நாய் ஊளையிடவும் இல்லை. ஓட்டில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுந்தரதாஸ் எழுந்து முற்றத்தைப் பார்த்தார். அவருடைய செருப்புத் தடத்துக்குப் பக்கத்தில், ஈர மணலில், ஒரு வலது கால் தடம், ஒரு கம்புக் குழி, ஒரு தடம், ஒரு குழி. கேட்டில் இருந்து படி வரை எல்லாம் வீட்டைப் பார்த்தே வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"அவன் போவேல்லியா?"

"இல்ல. கணக்கு வாசிச்சு முடியட்டும், எனக்கப் பங்கை வாங்கிட்டுப் போறேன்னு உள்ளறையிலெ இருக்கியாரு. ரெண்டு வருசமா நாம சோறு போடுத ஆளு. வெளியெ நிறுத்த மனசு வரேல்ல."

சாத்தியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கம்பு ஒருமுறை தட்டியது. பிறகு ஒரு காலை இழுக்கும் சத்தம். கதவை நோக்கி வந்தது.

ஷாலு நோட்டைப் புரட்டினாள். கண்ணாடிச் சீட்டை வெளியே எடுத்தாள். இனி இது வேண்டாம், அந்த மாமிக்கு ஆபரேஷன் நடக்கட்டும் என்று அதைக் கிழிக்கப் போனாள். சுந்தரதாஸ் அவள் கையைப் பிடித்தார்.

"கிழியாதே மக்கா. அப்படி ஒரு ஆளு இல்ல. ராஜபாயும் இல்ல. அவ்வளவும் லாட்டரியாக்கும். நான் கள்ளம் சொன்னேன்."

சத்தம் நின்றது. சத்தியபாய் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. நாற்காலி நனைந்திருந்தது. சாயா டம்ளர் காலியாக இருந்தது.

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்து, ரெத்தினதாஸ் வகை என்று இருந்த இடமெல்லாம் வெட்டி, லாட்டரி என்று எழுதச் சொன்னாள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது பத்துக் கண்ணாடி வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தது.

இதெல்லாம் சத்தியபாயின் வேலை என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. அவளும் மறுப்பதில்லை. அப்படியானால் ராஜபாய் என்ற பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மட்டும், சாயா வேணுமா என்று கேட்பாள்.

நவம்பர் கடைசி நாளில் கண்ணாடி வந்தது. ஷாலு மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று தென்னோலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"அப்பா, கம்பு ஊணிக்கிட்டு ஒரு மாமன் போறாரு. சதாசிவன் மாமன் வீட்டுக்குள்ளெ ஏறியாச்சு."

சுந்தரதாசின் கண்ணுக்கு ரோடு வெறுமையாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுச் சதாசிவனும் அவரும் ஒரே கடையில் லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள். வேலியோரம் ஓடிப் போய்ப் பார்த்தார். சதாசிவன் மாதக் கணக்கோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அவரும் மனைவி அம்மிணியும் மட்டும்தான். அம்மிணி மூன்று டம்ளரில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சுந்தரதாஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எலே சதாசிவா, கணக்கிலெ கள்ளமாட்டு எவனையாவது எழுதி வச்சிருந்தா இப்பமே வெட்டிக் களை. வீட்டிலெ மறைச்சுச் செலவாக்குத பைசா சும்மா போவாது. அது ஒரு ஆளாட்டு வளரும். வளந்து, நம்ம வீட்டு ஆளுவளுக்க சோத்தையாக்கும் திங்கும்."