வெள்ளைத்தாயின் முதல் சாவு

அழகுத்தாயின் கை வேர்க்காது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மற்ற பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்து போவார்கள். அவள் மட்டும் ஓடைத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளைத் துணியில் ஒரு விரல் கறை விழுந்தாலும் அந்தச் சுருள் கழிவுக்குப் போய்விடும். பதினாறு வருடத்தில் அவள் சுருட்டியது ஒன்றுகூடக் கழிந்ததில்லை. கம்பெனிக்காரர், அவள் இனமான மேலக்காட்டார் யாரையும் வீட்டுப் படி ஏற்றமாட்டார். ஆனாலும் பேக்கிங்கிற்கு ஆள் குறைந்தால், "உங்க ஆள்கள்ல இன்னும் ரெண்டு பேரு கிடைப்பாவளா தாயி?" என்று அவளிடம் வந்துதான் குழைவார். தொழில் என்று வந்துவிட்டால் ராஜபாளையத்தில் யாருக்கும் சாவுத் தீட்டு ஞாபகம் இருப்பதில்லை.

மேலக்காட்டார் அய்யனார் கோவில் அருவிக்கும் மேலே இருந்த காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். காது வெற்றிலை நுனி போல மேலே கூம்பியிருக்கும். மற்றபடி பிறக்கும்போது எல்லாரையும் போலத்தான், சூடான ரத்தம், பசி, அடம். ஏழு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒருநாள், விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளை அப்படியே சாய்ந்துவிடும். மூச்சு இருக்காது, நாடி இருக்காது. அதற்குத் தொடுகை என்று பெயர். மூன்று நாள் விடாமல் கூப்பிட்டால் பிள்ளை திரும்பி வரும். வந்த பிறகு உடம்பு குளிர்ந்தே இருக்கும், நகம் நாவல்பழ நிறமாகிவிடும், அரை வயிற்றுக் கஞ்சி போதும், ஐம்பது வயதில் முப்பது போலத் தெரிவார்கள். இரண்டாவது சாவு வந்தால் அதுதான் முடிவு. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு கிடக்கும் கிழவர்களுக்கு நாள் குறித்துச் சொல்லும்படி அழகுத்தாயைக் கூப்பிடுவார்கள். "எனக்கு பேண்டேஜுதாம்யா தெரியும்" என்று கதவைச் சாத்திவிடுவாள்.

எண்பத்தேழாம் வருடம் அந்தத் திங்கட்கிழமை, பதினோரு மணி இருக்கும். மொபெட்டைக் கம்பெனி வாசலில் போட்டுவிட்டு பால்பாண்டி உள்ளே ஓடிவந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் மகள் வெள்ளைத்தாயைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, வெள்ளைத்தாயி போயிட்டாக்கா. காலைல நல்லாத்தான் இருந்தா. முத்தத்துல கோலத்த போட்டுட்டு எந்திரிச்சவ அப்படியே விழுந்துட்டா. டாக்டரு வந்து பாத்துட்டு முடிஞ்சிருச்சுன்னுட்டாரு. உங்க வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள எடுத்துறணும்னு சீனியம்மா பெரியம்மா கட்டன்ரைட்டா சொல்லிட்டாவ. மூங்கிலு வெட்ட ஆளு போயிருச்சு. அதான் உங்களக் கூட்டிட்டுப் போக ஓடியாந்தேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அழகுத்தாய் அழவில்லை. அழுதால் அதற்கு மேல் காலும் கையும் சொன்னபடி கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"வண்டியத் திருப்பு" என்றாள்.

மில்களைத் தாண்டி மொபெட் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவள் நெஞ்சை அறுத்தது சாவு இல்லை, ஒரு பொய். போன வருடம் பெண் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சீனியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "மதினி, உங்க பொண்ணுக்கு அந்தத் தொடுகை ஆயிருச்சா? எம் புருசன நடுவீட்டுல கெடத்திப் பாத்தவ நான். இன்னொருக்கா அதே எடத்துல ஒரு உடம்பக் கெடத்த என்னால ஏலாது. அது பொறவு பொழைச்சே எந்திரிச்சாலும் ஏலாது." அழகுத்தாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒன்பது வயசுல ஆயிருச்சு மதினி என்றாள். நகம் ஏன் வெளுப்பாகவே இருக்கிறது, உடம்பு ஏன் குளிரவில்லை என்று கேட்டதற்கு, அவள் அப்பா டவுன்காரர், அதனால் முழுசாக ஏறவில்லை என்றாள்.

முழுப் பொய்யும் இல்லை அது. வெள்ளைத்தாயின் அப்பா, காலமாகிவிட்ட ராஜரத்தினம், தறி மெக்கானிக், சுத்தமான ஊர்க்காரர். பாதி ரத்தம் அவருடையது. பன்னிரண்டு போய், பதினைந்து போய், இருபதும் தாண்டியும் தொடுகை வரவில்லை. இனி எங்கே வரப் போகிறது என்று அழகுத்தாய் நினைத்தாள். ஆனால் தொடாத பெண்ணை மேலக்காட்டில் எடுக்கமாட்டார்கள், சின்னப்பிள்ளை என்பார்கள். ஊர்க்காரர்களோ பயந்து எடுக்கமாட்டார்கள். அப்படியானால் மகள் யாரோடு வாழ்வாள்? "வேண்டாம்மா, உள்ளதச் சொல்லிரு" என்று வெள்ளைத்தாய் அன்றைக்கு அடுப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவள்தான் கேட்கவில்லை. இப்போது சீனியம்மாள், சம்பந்தி வீட்டு வழக்கம் ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்ற நல்ல மனதோடு, மருமகளைப் பொழுதோடு எரிப்பதற்கு அவசரப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. வாசலில் பச்சை மூங்கில் கிடந்தது. மருமகன் காளிராஜ், ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போட்டிருந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாமியாரைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி வாய் கோணியது. நடுவீட்டில் பெஞ்சில் வெள்ளைத்தாயைக் கிடத்தி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அழகுத்தாய் மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தாள்.

"அழாதிய. எல்லாரும் நிப்பாட்டுங்க. அழுதா அவ போயிருவா."

பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஒருத்தி வந்து தோளைப் பிடித்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு சீனியம்மாளுக்கு எதிரே போய் நின்றாள்.

"மதினி, நான் சொன்னது பொய். இவளுக்குத் தொடுகை ஆகல. இதுதான் மொதத் தடவ."

ஒப்பாரி தானாக நின்றது. சீனியம்மாள் எழுந்து வந்தாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி, ஒவ்வொரு எட்டையும் ஊன்றித்தான் வைப்பாள். பக்கத்தில் வந்து சம்பந்தியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். குளிர்ந்த கன்னத்தில் பட்ட கையை உதறிக்கொண்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன் உங்கிட்ட?"

"ஆமா."

"அந்த ஒண்ணுலயும் பொய் சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன். அதுக்கு எம்புட்டு வேணும்னாலும் அடிங்க. ஆனா மூணு நாளு இவள எடுக்கக் கூடாது."

தெருப் பெரியவர் ஐயாதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, தெருவுக்குப் பொறுப்பானவர். "நாளன்னைக்கு மாரியம்மன் கோவில் கொடியேத்தம். தெருவுல பொணத்த வச்சுக்கிட்டு எப்படித்தா கொடியேத்துறது?"

"பொணம் இல்ல."

"டாக்டரே சொல்லிட்டாரு. சரி, உனக்கு நம்பிக்கை இருந்தா உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி வச்சுக்கோ."

"என் வீட்டுல இவளக் கூப்பிட ஆளு இல்ல" என்றாள் அழகுத்தாய்.

அதுதான் உண்மை. தொட்டுத் திரும்பியவர்கள் கூப்பிட்டால் பிரயோஜனமில்லை. அந்தக் குரல் ஒருமுறை அங்கே இருந்துவிட்டு வந்த குரல். கேட்கிற பிள்ளைக்கு, நம் ஆட்கள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள் என்று தோன்றிவிடும், அப்படியே தங்கிவிடும். அதனால் மலையில் கூட விளையாடுகிற, இன்னும் தொடாத பிள்ளைகள்தான் உட்கார்ந்து கூப்பிடும். பம்பரத்தைத் தா, என் முறை, நீ அழிச்சாட்டியம் பண்ணினாய் என்று பாதியில் நின்ற சண்டையைச் சொல்லிக் கூப்பிடும். அழுகை மட்டும் கூடாது. அழுகை வழியனுப்புவது. வெள்ளைத்தாயைக் கூப்பிட வேண்டுமானால் இந்த வீட்டு ஆட்கள்தான் கூப்பிட வேண்டும். அழகுத்தாய் ஏமாற்றிய இதே ஆட்கள். இதை அவள் திக்காமல், கெஞ்சாமல், கொடியேற்றத்துக்கு நாள் சொல்வது மாதிரி எல்லாருக்கும் சொன்னாள்.

"இருபத்தோரு வயசுல உங்க ஆள்கள்ல யாருக்காச்சும் இது வந்திருக்கா?" என்று ஐயாதுரை கேட்டார்.

"இல்ல."

"அப்ப இது அதுதான்னு உனக்கே தெரியாது."

"தெரியாது." இன்னொரு பொய்யை அவள் சொல்லத் தயாராக இல்லை. "தெரியாததுக்கு நெருப்பு வைக்க விடமாட்டேன் பெரியவரே. மூங்கிலக் கட்டணும்னா மொத என்னையக் கட்டுங்க."

எல்லாரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வீடு, அவள் நடுவீடு. அவள் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாக இதே வீட்டில் வளைய வந்த பெண். மாமியாரின் முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்த்துவிட்ட பெண்.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள் கடைசியில். "இவளுக்கும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கூட ஒரு வருசம் சோறு தின்னாளா?"

அடுப்படியில் கையைப் பிடித்துக் கெஞ்சிய மகளின் முகம் அழகுத்தாயின் கண்ணில் வந்து நின்றது. "தெரியும், ஆனா வேண்டாம்னுதான் சொன்னா, பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகளின் பேர் சுத்தமாகிவிடும். சீனியம்மாள் மனம் இளகி அழுவாள். அழுதால் எல்லாம் முடிந்தது. நாளைக்கே இது நிஜச் சாவு என்று ஆகிவிட்டால் மகள் பொய்க்காரி என்ற பேரோடுதான் எரிவாள். அதையும் யோசித்துத்தான் அழகுத்தாய் வாயைத் திறந்தாள்.

"அத நான் சொல்லமாட்டேன். அவகிட்டயே கேளுங்க."

சீனியம்மாளின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "கேக்கத்தான் போறேன். ஏலே காளி, மூங்கிலத் தூக்கி அங்கிட்டுப் போடு. இவ எந்திரிச்சு எனக்குப் பதிலு சொல்லட்டும். பொறவு எங்க வேணும்னாலும் போகட்டும்."

பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து காளிராஜ் கூடை கூடையாக மணல் கொண்டுவந்தான். அழகுத்தாய் சொன்னபடி, உடம்பு சூடேறாமல் இருக்க அதை நடுவீட்டில் பரப்பி, நனைத்து, அதன்மேல் அவளைக் கிடத்தினார்கள். அவனும் கூப்பிட்டுப் பார்த்தான். பேரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை உடைந்துவிடும். மூன்றாவது தடவை அழுதபோது சீனியம்மாளே அவனை வெளியே துரத்தினாள்.

சீனியம்மாள் கூப்பிட்டது கூப்பிடுவது மாதிரியே இல்லை. ஏட்டி வெள்ளைத்தாயி, எந்திரிடி, என் முகத்தப் பாத்துச் சொல்லு என்று அதட்டினாள். பொழுது சாயும் வரைக்கும் அதே கேள்வி. அதற்கப்புறம் கோபத்துக்கு வேறு விஷயங்களும் சேர்ந்துகொண்டன. உளுந்தை ஊறப்போட்டுவிட்டு ஆட்டாமல் விட்டது, அடை மாதிரி தடிதடியாக அப்பளம் தேய்த்தது, வத்திராயிருப்புச் சந்தையில் வாங்கின மாம்பழத்தில் நல்லதைப் புருசனுக்கு ஒளித்து வைத்தது. செவ்வாய்க்கிழமை தெருப்பெண்கள் எட்டிப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி, எனக்குத் தைத்துத் தாரேன் என்ற ஜாக்கெட் என்னாச்சுடி என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்னொருத்தி சிரிக்க வைக்கப் பார்த்தாள். உடம்பு விறைக்கவில்லை, வாடை இல்லை. ஆனால் மூச்சும் இல்லை. புதன்கிழமை கொடியேற்றம் இந்தத் தெருவை விட்டுவிட்டு மேற்கே சுற்றிக்கொண்டு போனது.

அழகுத்தாய் மூலையில் உட்கார்ந்தே இருந்தாள். மணல் காயும்போது மட்டும் எழுந்து தண்ணீர் தெளித்தாள். பெற்ற மகளை மூன்று நாளாக ஒருமுறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பது அறை வாங்குவதைவிடப் பெரிய வலியாக இருந்தது. தன்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயந்து முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பதினாறு வருடம் சுருட்டிப் பழகிய கை அதையும் இறுக்கமாகவே சுருட்டியது.

வியாழக்கிழமை விடிந்தது. மூன்று நாளுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஐயாதுரையும் நாலைந்து ஆட்களும் வாசலில் வந்து நின்றார்கள், உள்ளே வரவில்லை. சீனியம்மாளின் தொண்டை போய்விட்டது, காற்றுத்தான் வந்தது. கேட்பதற்கும் திட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு மாடத்திலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்து வந்து, மருமகளைத் தூக்கித் தன் முழங்காலில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"தலையப் பாரு, சீக்கு வந்த கோழியாட்டம். இதோடயா எங்கிட்டப் பேச வருவ?"

வலது கையால் சிக்கெடுத்தாள். தலை மார்பில் விழுந்துவிடாமல் இடது கையை நெற்றியில் முட்டுக் கொடுத்திருந்தாள். கூம்பிய காதைச் சுற்றி மயிரை ஒதுக்கி, மூன்றாகப் பிரித்து, ஒற்றைக் கையும் பல்லுமாக ஒருவழியாகப் பின்னி முடித்தாள். எண்ணெய் வழிந்து மணலில் விழுந்தது. வாசலில் நின்ற ஆட்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"நேரா இருட்டி. ஆடாத" என்று சீனியம்மாள் சத்தமே வராத குரலில் அதட்டினாள். அதட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ரிப்பனை எடுத்து, பின்னலின் நுனியில் சுற்றி, நெற்றியில் முட்டுக் கொடுத்திருந்த கையையும் எடுத்து, இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டாள். தலை விழவில்லை.

மூலையில் அழகுத்தாய் முந்தானையை வாய்க்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டாள்.