அமைச்சருக்காகப் பூட்டிய வார்டு

என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு ஊரில் கொடைவள்ளல் என்று பெயர். கொடுக்கிற கைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்ததை நாலு பேர் மேடை போட்டுச் சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்து வயிறு வளர்த்தவர். எண்பதாம் வருஷம் பழைய தையல் மெஷின்கள் சிலவற்றை வாங்கிப் போட்டார். அப்புறம் எக்ஸ்போர்ட் ஆர்டர் பிடித்தார், திருப்பூரில் பெரிய முதலாளி ஆனார். பள்ளிக்கூடம் கட்டினார், தண்ணீர்த் தொட்டி கட்டினார். கம்பெனிப் பெண்களுக்காக எங்கள் ஊரில் இலவச ஆஸ்பத்திரியும் நடத்தினார்.

தொண்ணூற்று மூன்று தை மாதம் அதிலேயே ஒரு பிரசவ வார்டு கட்டி முடித்தார். புதுக் கட்டில், புது விளக்கு, எல்லாம் தயார். திறக்கத்தான் இல்லை. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். அவரோ இதோ தேதி தருகிறேன் என்று சித்திரையையும் கடத்திவிட்டார். வார்டு பூட்டியே கிடந்தது, சாவி திருப்பூர் ஆபீஸில். வலியோடு வருகிறவர்களை நர்ஸ் ராமாத்தாள் திருப்பூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

"ஏனுங்க, ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல்தானுங்க வேணும்? நம்ம கம்பெனில இல்லாத கத்திரிக்கோலா?" என்று கேட்டேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது அம்மிணி, சும்மா இரு" என்றார்.

எங்கள் மகள் மயிலாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறை சொல்லி வைத்திருந்தார். ஆனியில் ஒரு மத்தியானம், நாள் நெருங்கும் முன்னே வலி கண்டுவிட்டது. இவரே காரை ஓட்டினார். சோமனூர் போகும் வழியில் நூல் மூட்டை ஏற்றிய லாரி ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஒரு சைக்கிள்கூடப் போக இடமில்லை.

"என்னால முடியலைம்மா" என்று மயிலாள் என் கையைப் பிடித்துக் கதறினாள்.

"காரைத் திருப்புங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கே போலாம்" என்றேன்.

"அங்க என்ன இருக்குது?" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. "ஊரான் புள்ளைக்குன்னா எல்லாம் இருக்குது, உங்க புள்ளைக்குன்னா ஒண்ணுமில்லீங்களா?" என்று கத்தினேன். காரைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில், சேலையைக் கட்டி மறைத்த மறைவில், இன்னொருத்தி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கம்பெனியில் தைத்த பனியனைச் செக்கிங் பார்க்கிற மூக்கம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்.

"பஸ்ஸ உட்டுட்டாளுங்க. இந்த பெஞ்சுல ரெண்டு பேருக்கும் எப்படிங்க பாக்குறது?" என்றாள் ராமாத்தாள்.

இவர் பெஞ்சைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நேரே காருக்குப் போய் ஜாக்கி ராடை எடுத்துவந்து வார்டுப் பூட்டை ஓங்கி ஓங்கி அடித்தார். கையில் ரத்தம் வந்தது. பூட்டும் தெறித்தது.

இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனோம். பிறகு நாங்கள் வெளியே உட்கார்ந்து கும்பிடாத சாமி இல்லை. முதல் அழுகுரல் கேட்டதும் இவர் துள்ளி எழுந்தார்.

"நம்மளதுங்களா?"

"மூக்கம்மாளுதுங்க. பொண்ணு" என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் உள்ளே ஓடினாள்.

அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. என் உயிர் என்னிடம் இல்லை. கடைசியில் இன்னொரு குரல் கேட்டது.

"பையனுங்க. ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுங்க!"

இவர் வெறுந்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அத்தனை கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மகளையும் பேரனையும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். மூக்கம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படு கண்ணு, படு. பயந்துட்டயா?"

"பஸ்ஸுக்குத்தேன் முதலாளி பயந்தேன். எங்கூட வேல பாக்குற ஒச்சாயிக்குப் போன மாசம் பஸ்ஸுக்குள்ளேயே பெறந்துருச்சு. நல்லவேள, இன்னைக்கு நான் பஸ்ஸ விட்டுட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவரால்தான் தலைநிமிர முடியவில்லை.