தண்ணி என்கிட்ட

பெங்களூரில் கடல் இல்லை. அதற்காக ஆள் முழுகாமல் இருப்பானா? மல்லேஸ்வரத்து நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே முழுகிக் காட்டிய புண்ணியவான்கள் உண்டு. அத்தனை பேரையும் முடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டவர் அர்ஜுனன். தலை நரைக்கிற வரை அந்தக் குளத்துக்குக் காவல் இருந்துவிட்டு இன்று ஓய்வு பெறுகிறார்.

அவர் மனைவி மங்களத்துக்கு ஒரே ஆசைதான். புருஷன் தலையில் மைசூர்ப் பேட்டா ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த ஊரில் யாரைக் கௌரவித்தாலும் அந்த ஜரிகைத் தலைப்பாகையைத்தான் வைப்பார்கள். டிவியில் யார் யார் தலையிலோ பார்த்திருக்கிறாள். மகள் கல்யாணத்தில் தாலி ஏறியதும் குளத்துக்கு ஓடிய மனுஷன் இவர். ஒரு நாளாவது நாலு பேர் நடுவில் உட்காரட்டும் என்று, நீலசந்திரா வீட்டிலிருந்தே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

பாராட்டு விழா மேடையைக் குளத்தங்கரையிலேயே போட்டிருந்தார்கள். பின்னால் நீலத் தண்ணீர் தெரிந்தால் போட்டோ அழகாக வருமாம். யாருக்குத் தோன்றிய யோசனையோ, நாசமாய்ப் போக. அர்ஜுனன் மேடையேறியதுமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குளத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சபைக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். கூட்டம் சிரித்தது.

"அர்ஜுனன், கூத்கொள்ளி, இந்தப் பக்கம் பார்த்து உக்காருங்கோ," என்றார் நீச்சல் சங்கச் செயலாளர் சீனிவாசராகவன், கன்னடமும் தமிழுமாக.

"தினேஷ் வரட்டும் சார். பசங்க ஓரத்துல ஓடுதுங்க."

புதுக் காவலாள் தினேஷை விருந்தாளிகளுக்குக் காபி வாங்கிவர அனுப்பியதே செயலாளர்தான். "இன்னிக்கு யாரும் குளிக்கலையேப்பா?"

"இன்னிக்கு ஃபங்ஷன்னு தண்ணிக்குத் தெரியாது சார்."

தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னொரு விழா இருந்தது. பேட்டாவை வைக்காமலே போய்விடுவாரோ என்று மங்களம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தன் புருஷனை அவளுக்குத் தெரியாதா? அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். காவல் மாற்ற வரும் ஆள் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீரைப் பார்த்தபடி "தண்ணி என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அர்ஜுனன் கண்ணை எடுக்க மாட்டார். சாப்பாடு கொண்டுவந்த நாளெல்லாம் தூக்கும் கையுமாக அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றவள் அவள்.

எழுந்தாள். மேடையேறி, அவர் பக்கத்தில் போய், குளத்தைப் பார்த்து நின்றாள்.

"நீ போய் வாங்கிக்கய்யா. தண்ணி என்கிட்ட."

"உனக்கு நீச்சல் தெரியாதே."

"கத்தத் தெரியும். கத்துனா நீ குதிக்க மாட்டியா?"

ஒரு வாரமாக வீட்டில் பேட்டாவைத் தவிர வேறு பேச்சே இல்லை. "அப்போ நீ பாக்க முடியாதேடி," என்றார் மெல்ல.

"பரவால்ல, போ."

நாற்காலி திரும்பியது. அவள் முதுகுக்குப் பின்னால் சால்வை என்றார்கள், மாலை என்றார்கள், பேட்டா என்றார்கள். ஒரே கைதட்டல். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். பாவாடை கட்டிய ஒரு குழந்தை ஓரத்தில் குனிந்து தண்ணீரைத் தொட்டது. "ஏய் கண்ணு, தள்ளிப் போ," என்று அதட்டினாள். அவளுக்கு அழுகையாக வந்தது. கண்ணைத் துடைத்தால் அந்த நேரம் குளம் மறைந்துவிடுமே என்று துடைக்காமல் நின்றாள்.

கைதட்டல் ஓய்ந்தது. சந்தன மாலை வாசனை பக்கத்தில் வந்தது. தோளை ஒட்டி அவர் நின்றார்.

"தண்ணி என்கிட்ட," என்றார்.

மங்களம் திரும்பினாள். பேட்டா கொஞ்சம் பெரிசு. காது வரை இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜரிகை வெயிலில் மின்னியது. அவர் கண் குளத்தின் மேலேயே இருந்தது.

"நல்லா பாத்துக்க," என்றார். "அவசரமில்ல."

தினேஷ் காபியோடு வந்து சேரும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.